திரைப்பூட்டு விசாரம்

உலகத்தில் மனிதனுக்கு நேரும் இடையூறுகளுள் பெரியனவற்றைப் பற்றிப் பெரியோர் பலர் பல நூல்கள் இயற்றிவிட்டமையாலும், சிறியனவற்றுள்ளும் கொசு, மூட்டைப்பூச்சி, இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராதார் ஆகிய இன்றியமையாத விஷயங்கள் முன்னமே வல்லவர் கையில் அகப்பட்டுவிட்டமையாலும், என் போன்ற பிற்காலத்தவன் ஆராய்வதற்கென்று எஞ்சி நிற்பது ஒன்றே ஒன்றுதான். அதாவது, கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவன், எழுந்து போகாமலும், கண்ணயராமலும், ஒரு சொல்லுக்காகச் சற்றே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், எதிரே இருந்த எழுத்தெல்லாம் மறைந்து, பனிமலையும் ஏரியும் கொண்ட ஓர் அந்நிய தேசத்துப் படம் தோன்றி, “நீ யார்? உன் கடவுச்சொல் யாது?” என்று அவனையே வினவுகிறதே, அது.

இதனை அற்பம் என்று தள்ளுவோர் உளர். அவர்கள் வீட்டில் இது நிகழ்வதில்லை போலும். என் வீட்டில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை நிகழ்ந்தது. ஒவ்வொரு தடவையும், கைக்கெட்டும் தூரம் வரை வந்து நின்ற ஒரு நல்ல சொல், கடவுச்சொல்லை நான் தட்டி முடிப்பதற்குள் மிரண்டு ஓடிப்போயிற்று. சொல்லைப் பிடிக்கப் போனவனிடம் வேறொரு சொல்லைக் கேட்பது நியாயமா என்னும் தார்மிகப் பிரச்சினையை இப்போதைக்கு ஒதுக்கிவைத்து, சாஸ்திர முறைப்படி சூத்திரத்திலிருந்து தொடங்குகிறேன்.

“கையோயத் திரைபூட்டும்” என்பது சூத்திரம். இதன் பொருள்: கை ஓய்ந்த அளவில் திரை பூட்டிக்கொள்ளும் என்றவாறு. கை என்றது ஈண்டு விரலை, முதலாகுபெயர். ஓய்தல் என்றது அசைவின்மையை மட்டும் குறித்ததன்றிக் களைப்பைக் குறித்ததன்று. திரை என்பது கடலிலும் நாடகத்திலும் முதியோர் முகத்திலும் வழங்குவதாயினும், இங்கே கணினியின் முகத்தைக் குறித்தது. பூட்டும் என்பது வினைமுற்று. வினைமுற்று உள்ளதாயின் எழுவாய் எங்கே எனின், இச்சூத்திரத்தில் அது தொக்கு நிற்கிறது. பூட்டப்படுவது திரை என்பது பெறப்பட்டது. பூட்டுபவர் யார் என்பது பெறப்படவில்லை. இந்த எழுவாயைக் கண்டுபிடிப்பதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

பூட்டென்றால் திண்டுக்கல் பூட்டை அறியாத தமிழர் இலர். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட அந்தக் கனத்த பொருளுக்கு ஒரு தர்மம் உண்டு: வீட்டுக்காரர் வெளியே போனால் அது பூட்டப்பெறும், திரும்பி வந்தால் திறக்கப்பெறும், அவர் திண்ணையில் உட்கார்ந்து யோசனை செய்துகொண்டிருக்கும்போது, “இவர் நெடுநேரமாக அசையவில்லை, ஆகவே ஊருக்குப் போயிருக்க வேண்டும்” என்று தானே முடிவுகட்டித் தானே பூட்டிக்கொண்டதாக ஒரு திண்டுக்கல் பூட்டைப் பற்றியும் எவரும் புகார் சொன்னதில்லை. பழைய பூட்டுக்கு இல்லாத இந்த அதிகப்பிரசங்கித்தனம் புதிய பூட்டுக்கு எங்ஙனம் வந்தது என்பதை அறியச் சரித்திரத்துக்குள் சிறிது நுழைவது அவசியமாகிறது.

கடவுச்சொல்லின் சரித்திரத்தை ஆராய்ந்தோர் அதனைப் போர்த்தொழிலின் கிளையாகக் கொள்வர். ரோமானியப் பாசறையில் அன்றன்றைய அடையாளச் சொல்லை மரப்பலகையில் எழுதி அணி அணியாகக் கைமாற்றி, இருட்டுவதற்குமுன் பலகை அத்தனையும் திரும்பி வந்தனவா என்று எண்ணிப் பார்த்தார்கள் எனப் பொலிபியஸ் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதிவைத்திருப்பதை அவர்கள் பிரமாணமாகக் காட்டுவர். யான் இதற்கு உடன்படேன். கடவுச்சொல் பிறந்தது பாசறையில் அன்று, அடுக்களையில் என்பதே என் சித்தாந்தம். இதற்குப் பிரமாணங்கள் வருமாறு.

விவிலியத்தில் நியாயாதிபதிகள் ஆகமத்தின் 12ஆம் அதிகாரத்தில் ஒரு பரீக்ஷை கூறப்பட்டுள்ளது. யோர்தானின் துறைகளைப் பிடித்துக்கொண்ட கீலேயாத்தியர், ஆற்றைக் கடக்க வருவோரை ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமியருக்கு ஷகரம் வராது, ‘சிபோலேத்’ என்றார்கள், அவ்வாறு சொல்லி மாண்டவர் 42,000 பேர் என்பது கணக்கு. வேஷ்டியை வேட்டியாகவும் லக்ஷ்மணனை இலக்குவனாகவும் ஆக்கிக்கொண்ட நம்மவரில் எத்தனை பேர் அந்த ஆற்றைக் கடந்திருப்போம் என்று நினைக்கும்போது மெய் நடுங்குகிறது. அது நிற்க, அந்தச் சொல்லின் பொருள் என்ன? எபிரேய மொழியில் அதற்குத் தானியக் கதிர் என்பது ஒரு பொருள். ஆற்றின் பெருக்கு என்றும் பொருள் கொள்வோர் உண்டாயினும், என் சித்தாந்தத்துக்கு அது உதவாமையால் விடுக்கப்பட்டது.

அடுத்தது, அலிபாபாவின் குகை. பதினெட்டாம் நூற்றாண்டில் காலான் என்னும் பிரெஞ்சுப் பண்டிதர் ஆயிரத்தோர் இரவுக் கதைகளோடு சேர்த்து வெளியிட்டதனால் உலகறிந்த இக்கதையில், குகைக்கதவைத் திறக்கும் சொல் எள். அலிபாபாவின் தமையன் காசிம் அதை வெளியே நின்று சொல்லி உள்ளே போய்விட்டான். பொன்னைக் கண்ட மகிழ்ச்சியில், வெளியே வர வேண்டிய சமயத்தில், எள் என்பது மறந்துபோயிற்று. அவனும் சும்மா இருக்கவில்லை. வாற்கோதுமை முதலாகத் தனக்குத் தெரிந்த தானியங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்தான். திருடர்கள் வந்தார்கள், வெட்டிப் போட்டார்கள். எள்ளை மறந்தவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்படி ஆயிற்று. சொல் மறந்து உள்ளே அகப்பட்ட முதல் மனிதன் இவனே. ஞாபகம் ஏதோ தானியம் என்ற அளவுக்கு வந்து அதற்குமேல் வராமல் நிற்கும் அந்த அவஸ்தையைத் திரையின் முன் உட்கார்ந்து நான் அனுபவித்திருக்கிறேனாதலால், அவனுடைய பேராசையைப் பற்றி எனக்குக் கடுமையாக ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

தானியம் ஆயிற்று, இனி உப்பு. கணினியில் கடவுச்சொல் முதன்முதலாக வழக்குக்கு வந்த இடங்களுள் தலையாயது, அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவர் தலைமையில் அமைந்து 1961இல் இயக்கிக் காட்டப்பெற்ற, பலர் ஒரே இயந்திரத்தைப் பங்கிட்டு வழங்கும் அமைப்பு. வந்த மறு ஆண்டே கடவுச்சொல் களவுபோயிற்று. ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், வாரத்துக்குத் தமக்கு அளந்துவிட்ட இயந்திர நேரம் போதாமல், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சடித்துத் தரும்படி அந்த இயந்திரத்துக்கே ஒரு கட்டளை கொடுத்தார். அதுவும் மறுபேச்சில்லாமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்து இதனினும் பெரியதொரு கூத்து நடந்தது. நிர்வாகிகள் இருவர் ஒரே சமயத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்தப் புகுந்ததில் இரண்டும் இடம் மாறி, உள்ளே நுழைந்தவர்க்கெல்லாம் அன்றைய அறிவிப்பு தோன்ற வேண்டிய இடத்தில் ஊராருடைய கடவுச்சொற்கள் முழுவதும் வரிசையாக அச்சாகிக்கொண்டு வந்தன. கோர்பாட்டோ பிற்காலத்தில் டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றிய சொற்பொழிவில் இதை ஒளிக்காமல் சொன்னார். பெரிய மனிதர்.

சொல்லை உள்ளபடியே எழுதி வைத்தால்தானே இந்தத் தொல்லை என்று கேம்பிரிட்ஜில் ராஜர் நீதம் என்பவர் 1960களிலேயே ஓர் உபாயம் கண்டார். சொல்லை மீண்டும் ஒன்றுசேர்க்க முடியாதபடி சிதைத்து, அந்தச் சிதைவை மட்டும் எழுதி வைப்பது. நாளைக்கு வருபவன் சொல்லும் சொல்லையும் அதே விதமாகச் சிதைத்து, இரண்டு சிதைவும் ஒத்திருந்தால் கதவைத் திறப்பது. ஆங்கிலத்தில் இச்சிதைவுக்கு ‘ஹாஷ்’ என்று பெயர். அச்சொல்லுக்குக் கொத்திச் செய்த இறைச்சிப் பண்டம் என்று பொருள் இருப்பதை அறிந்தபோது என் சித்தாந்தத்தின்மேல் எனக்கே ஒரு மரியாதை உண்டாயிற்று. தமிழில் விளக்குவதானால், பரோட்டாவைக் கொத்துவது எளிது. கொத்துப் பரோட்டாவைக் கொண்டுபோய் மறுபடி வட்டமான பரோட்டாவாக்குவது ஒருவராலும் இயலாது. ஆயினும் ஒரு குறை நின்றது. இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தால் கொத்தும் ஒன்றாகவே இருந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ராபர்ட் மாரிஸ், கென் தாம்ஸன் என்னும் இருவர், கொத்துவதற்குமுன் ஒவ்வொருவர் சொல்லிலும் வெவ்வேறு எண்ணைக் கலக்கும் முறையை 1979இல் எழுதி வெளியிட்டார்கள். கலக்கத்தக்க எண்கள் 4,096. அந்தக் கலவைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஸால்ட்’, அதாவது உப்பு. கதிர், எள், கொத்து, உப்பு என்று இத்தனையும் வந்து சேர்ந்த பிறகு, இந்தச் சாஸ்திரம் பிறந்த இடம் அடுக்களை என்பதில் ஐயம் கொள்வோரோடு வாதாடுவது வீண்.

அதே கட்டுரையில் அவர்கள் 3,289 பேருடைய கடவுச்சொற்களைச் சோதித்துப் பார்த்ததும் கூறப்பட்டுள்ளது. நூற்றுக்கு 86 எளிதில் அகப்படத்தக்கவை. பதினைந்து பேர் ஒற்றை எழுத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு உபதேசித்த தாம்ஸன் தாம் வைத்திருந்த சொல்லும் ஏறக்குறைய நாற்பதாண்டு தப்பி நின்று 2019இல் உடைபட்டது. அது ஒரு சதுரங்கத் தொடக்கம்; ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும் ஆட்டத்தைக் குறியெழுத்தால் எழுதி, இறுதியில் ஓர் ஆச்சரியக்குறியும் இட்டிருந்தார். சதுரங்கம் ஆடும் இயந்திரமே செய்தவராதலால் பொருத்தந்தான்.

இனித் திரைக்கு வருவோம். கையோய்ந்தால் திரை மாறும் என்னும் வழக்கம் காவலுக்காக ஏற்பட்டதன்று. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில், ஒரே எழுத்து ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால், உட்புறம் பூசிய ஒளிர்பொருள் அவ்விடத்தில் தேய்ந்து, அணைத்த பிறகும் அந்த எழுத்தின் நிழல் தழும்பாகத் தங்கிவிடும். இதைத் தவிர்க்க ஜான் ஸோஷா என்பவர் மூன்று நிமிடம் விசை ஒன்றும் அசையாவிட்டால் திரையை இருளாக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி 1983 டிசம்பரில் ‘ஸாஃப்டாக்’ என்னும் பத்திரிகையில் வெளியிட்டார். முற்றிலும் கருணையால் செய்தது. திரை பாவம், ஓய்வெடுக்கட்டும் என்பதே கருத்து. பிறகு இருட்டு சலித்துப்போய் மீன் தொட்டியும் நக்ஷத்திர மண்டலமும் வந்தன. 1989இல் ‘ஆஃப்டர் டார்க்’ என்னும் நிரலில், ரொட்டி வாட்டும் கருவிகள் சிறகு முளைத்துத் திரையெங்கும் பறந்தன; அடுக்களைச் சாமான்களே பறந்தன என்பதைக் குறித்துக்கொண்டு மேலே செல்கிறேன். திரைக்கு ஓய்வு கொடுக்கும் இந்த நேரக்கணக்கோடு, யாரோ ஒரு புத்திமான், “ஓய்வு முடிந்து விழிக்கும்போது கடவுச்சொல் கேள்” என்று ஒரு காவற்காரனைக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டுவிட்டார். கண்ணாடிக் குழாய் போய்விட்டது. தழும்பு பற்றிய கவலையும் பெரும்பாலும் போய்விட்டது. காவற்காரன் மட்டும் போகவில்லை.

ஆதியில் அந்தக் காவற்காரனும் நல்லவனாகவே இருந்தான். விண்டோஸ் 95 என்னும் இயங்குதளம் தொடக்கத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். தெரியாவிட்டால், அருகிலிருந்த ‘கேன்ஸல்’ பொத்தானை அமுக்கினால், அதனாலென்ன என்பது போல உள்ளே விட்டுவிடும். விருந்தோம்பலில் அதற்குப்பின் வந்த எந்த இயந்திரமும் அதனை எட்டவில்லை.

இங்கேதான் தமிழில் எழுதுவோருக்கென்று தனியாக உள்ள ஒரு துன்பத்தைச் சொல்ல வேண்டும். கணினிக்கு நம்மைக் கண்ணால் பார்க்கத் தெரியாது. கையசைவு ஒன்றே அது அறிந்த உயிர்க்குறி. பயனிலை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும் மொழிகளில் எழுதுவோர்க்கு இதனால் கேடில்லை. அவர்கள் செய்தியை முன்னே சொல்லிவிட்டுப் பிறகு சாவதானமாக யோசிக்கலாம். நம் மொழியிலோ, எழுவாய் ஒரு கோடியில் நிற்க, அடைமொழிகளும் எச்சங்களும் வேற்றுமைத் தொகைகளும் தேரின் வடம் போல நீண்டு வர, பயனிலை மறு கோடியில் இருக்கிறது. அதனைச் சென்று சேர்வதற்குமுன் எழுதுகிறவன் கையைக் கட்டிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தே தீர வேண்டும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவிலுள்ள இந்த மௌனத்தைத்தான் இயந்திரம் வெளியூர்ப் பயணம் என்று கொள்கிறது.

என் இயந்திரத்தைத் தம்பி மகன் பொங்கலுக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்து, அரை மணியில் எல்லாவற்றையும் “ஸெட்” பண்ணிவிட்டுப் போனான். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த கடவுச்சொல் ஒன்றையும் அவனே அமைத்தான். இந்தக் கலவை விதியை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக 2003இல் வகுத்த பில் பர் என்பவரே 2017இல் அதற்காக வருந்தினார் என்று நான் சொன்னதை அவன் பொருட்படுத்தவில்லை. சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டேன். திரை பூட்டும்போதெல்லாம் பஞ்சாங்கத்தைப் பிரிப்பது என் நித்திய கர்மங்களுள் ஒன்றாயிற்று.

சீட்டைப் பார்த்துச் சரியாகத் தட்டினாலும் சில நாள் கதவு திறவாது. தட்டுவன எல்லாம் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும்படி விதித்தவர் தொல்காப்பியர். உயிரும் போய் மெய்யும் போய்ப் புள்ளி மட்டும் எஞ்சும் இந்த நிலையை அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். எட்டு நாள் ஆராய்ந்தபின் காரணம் விளங்கியது. தமிழ்99 விசைப்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை பூட்டிக்கொள்வதால், பூட்டிய பிறகும் விசைகள் தமிழிலேயே இருந்தன. ஆங்கிலச் சொல்லை நான் தட்ட, அது தமிழ் எழுத்துகளாய் விழுந்து, புள்ளிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை முட்டாளாக்கியது. திரையின் மூலையில் சிறிதாக மொழிக்குறி ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டு ஆங்கிலத்துக்கு மாற்றியதும் கதவு திறந்தது. இதே நோயுள்ள எழுத்தாளர்கள் பலர் இருக்கக்கூடும் என்பதால் இச்செய்தியைக் கட்டணமின்றி வழங்குகிறேன்.

திறப்பது தெளிவாயிற்று, பூட்டுவது தெளிவாகவில்லை. ‘ஸெட்டிங்ஸ்’ என்னும் ராஜ்ஜியத்துக்குள் புகுந்தேன். நம் ஊரில் ஒரு வீட்டை விற்க வேண்டுமானால் பட்டா தாலுகா ஆபீஸில் இருக்கும், வில்லங்கச் சான்று சார்பதிவாளரிடம் இருக்கும், வரி ரசீது மாநகராட்சியில் இருக்கும். அவ்வாறே இந்தப் பூட்டின் ஆவணங்களும் மூன்றிடத்தில் சிதறிக் கிடந்தன. எத்தனை நிமிடத்தில் திரை அணைய வேண்டும், இயந்திரம் உறங்க வேண்டும் என்பது மின்சாரப் பகுதியில். உறங்கி விழித்தால் மறுபடி கடவுச்சொல் கேட்பதா வேண்டாவா என்பது பயனர் கணக்குப் பகுதியில். மூன்றாவது, பழைய ‘ஸ்கிரீன் ஸேவர்’ பலகை, புது மாளிகையின் கொல்லையில் விட்டுவைத்த பழைய கிணறு போல ஒரு மூலையில். அங்கே நிமிடக் கணக்கும், திரும்பும்போது நுழைவுத் திரையைக் காட்டு என்னும் ஒரு சிறு கட்டமும் இருந்தன. ஓரிடத்தில் திருத்தியது மற்றோரிடத்துக்குத் தெரியாது. பலர் மின்சாரப் பகுதியை மட்டும் திருத்திவிட்டு, பூட்டு போகவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான். நான் மூன்றையும் திருத்தினேன். திரை அணையவே வேண்டாம். விழித்தால் கேட்கவே வேண்டாம். ஸேவரும் வேண்டாம், கட்டத்தில் குறியும் வேண்டாம். மறுநாள் காலை எட்டு மணிக்குத் திரை பூட்டிக்கொண்டது.

காரணங்கள் யாவும் நீங்கிய பிறகும் காரியம் நிகழுமாயின், அந்தக் காரணங்கள் காரணங்களே அல்ல என்பது தர்க்க சாஸ்திரம். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, பதினான்கு நாள், பூட்டிய நேரங்களைக் குறித்தேன். 37 குறிப்புகள் சேர்ந்தன. அவை நாள் முழுதும் பரவிக் கிடக்கவில்லை. குறிப்பிட்ட சில வேளைகளில் கொத்துக் கொத்தாக வந்தன. சீட்டுக்காகப் பஞ்சாங்கத்தைப் பிரித்துக்கொண்டே இருந்ததனால் என் கண் இயல்பாக ராகுகாலப் பட்டியலில் விழுந்தது. ஒத்துப் பார்த்தேன். திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது: பூட்டியிருக்கிறது. வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு: பூட்டியிருக்கிறது. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை: இரண்டு வாரமும் தவறாமல் பூட்டியிருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஞாயிறு மாலை மட்டும் ஒத்துவரவில்லை. புதன் பகலும் அவ்வளவாக ஒத்துவரவில்லை. எந்தச் சித்தாந்தத்துக்கும் சில விதிவிலக்குகள் இருப்பது அதன் முதிர்ச்சிக்கு அடையாளம் என்று அவற்றை அடிக்குறிப்புக்கு அனுப்பிவிட்டு, கண்டுபிடிப்பை மனைவியிடம் சொன்னேன்.

அவள் முறத்தில் பருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “வெள்ளிக்கிழமை பத்தரைக்கு நான் உலை வைக்கிற நேரங்க. மத்த நாளும் அதே நேரந்தான். மத்த நாள் பத்தரைக்குப் பூட்டலியா?”

நோட்டைப் பிரித்தேன். பூட்டியிருந்தது. எல்லா நாளும் பூட்டியிருந்தது. ராகுவில் கண்ணாக இருந்தவன் மற்றவற்றைக் கூட்டிப் பார்க்கவில்லை.

காலைப் பலகாரம், பகல் சமையல், மாலைக் காப்பி. 37 குறிப்புகளில் 34 இந்த மூன்று வேளைக்குள் அடங்கின. கடவுச்சொல் அடுக்களையில் பிறந்தது என்று ஏட்டளவில் நிறுவிய எனக்கு, அது அடுக்களையிலேயே இன்னும் குடியிருக்கிறது என்பது நோட்டளவிலும் நிறுவப்பட்டது. ஆனால் அடுப்புக்கும் கணினிக்கும் சம்பந்தம் என்ன? எங்கள் வீடு கும்பகோணத்துப் பழைய வீடு. ரேழியை ஒட்டிய அறையில் நான். கூடம், முற்றம், இரண்டாங்கட்டு தாண்டி, கொல்லைக்குச் சற்று இப்பால் அடுக்களை. இடையில் தொண்ணூறு அடி. அடுப்புப் புகைகூட என்னை வந்து சேராது. அங்கேயிருந்து இங்கே ஒன்றும் வரவில்லையென்றால், இங்கேயிருந்து அங்கே ஏதாவது போகிறதா என்று யோசித்தேன்.

“உங்க போனைத்தான் எடுத்துட்டுப் போறேன்,” என்றாள். “என்னுதுல சார்ஜ் நிக்கிறதில்லை. பொண்ணு அந்த நேரத்துலதான் கூப்பிடுவா.”

மறுபடியும் கணக்குப் பகுதிக்குள் போனேன். நான் முன்பு பார்த்த அதே பக்கத்தில்தான், ஆனால் கீழே, நான் உருட்டிப் பாராமல் விட்ட அடிப்பகுதியில், ஒரு கட்டம் குறியிடப்பட்டிருந்தது. பட்டாவைப் படித்தவன் அதன் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. உரிமையாளருடைய தொலைபேசி ப்ளூடூத் என்னும் அலைத் தொடர்பின் எல்லையைவிட்டு நீங்கினால், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் இயந்திரம் தானே பூட்டிக்கொள்ளும் என்பது அக்கட்டத்தின் பொருள். அந்தத் தொடர்புக்குச் சாதாரணமாகப் பத்து மீட்டர் எல்லை. சுவர் இருந்தால் அதுவும் குறையும். அதற்குப் பெயர் தந்த நீலப்பல் ஹரால்டு டென்மார்க்கை ஆண்ட மன்னன். நம் ராஜராஜன் பட்டமேறிய 985ஆம் ஆண்டை ஒட்டி மாண்டவன். பிளவுபட்டுக் கிடந்தோரை ஒன்றுசேர்த்தவன் என்பதால் கருவிகளை ஒன்றுசேர்க்கும் முறைக்கு அவன் பெயரை இட்டார்கள். சோழ நாட்டு வீட்டின் இரண்டாங்கட்டு வரை அவன் ஆணை செல்லவில்லை.

சோதனையும் செய்தேன். தொலைபேசி மேசைமேல் இருக்க, கையைக் கட்டிக்கொண்டு கால் மணி உட்கார்ந்தேன், பூட்டவில்லை. அவள் கையில் கொடுத்து அடுக்களைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன், பூட்டியது. முன்னது வியதிரேகம், பின்னது அன்வயம். இரண்டும் கூடியதால் ஹேது உறுதியாயிற்று. சூத்திரத்தில் தொக்கு நின்ற எழுவாய் என் மனைவி.

தம்பி மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. “உங்க பாதுகாப்புக்குத்தான் பெரியப்பா வெச்சேன். போன் எங்க இருக்கோ அங்கதானே ஆளும் இருப்பாங்க?” என்றான்.

அவன் தலைமுறைக்கு அது பிரத்தியக்ஷப் பிரமாணம். உயிர் ஓரிடத்திலும் உடல் ஓரிடத்திலும் இருப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதன்று. திருவாவடுதுறைக்கு அருகே சாத்தனூரில், மாண்ட இடையனுடைய பசுக்கள் அழுவதைப் பொறாமல் ஒரு யோகியார் தம் உடலை மறைத்து வைத்துவிட்டு அவனுடலில் புகுந்தார். பசுக்களை வீடு சேர்த்துத் திரும்பி வந்து பார்த்தால் வைத்த உடலைக் காணோம். அன்றுமுதல் அவர் திருமூலர். சொந்த உடலிலிருந்தே பூட்டி வெளியேற்றப்பட்டவர் அவர் ஒருவர்தாம். அதற்கு அவர் யாரையும் கூப்பிட்டுப் புகார் சொன்னதாகத் தெரியவில்லை. நான் மட்டும் ரேழியறையில் உடலாக உட்கார்ந்திருக்க, என் உயிர் மூன்று வேளையும் அடுக்களைக்குப் போய் வருகிறது என்று இயந்திரம் கணித்துவைத்திருப்பதில் உண்மையே இல்லையென்று அடித்துச் சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை.

குறியை எடுத்துவிட்டேன். இரண்டு நாள் திரை பூட்டவேயில்லை. மூன்றாம் நாள், மாலையில் டம்ளர் மேசைமேல் வைக்கப்பட்ட சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு நிமிர்ந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முன்பெல்லாம் மூன்றரைக்கு மேல் திரை பூட்டினால், டிகாக்‌ஷன் இறங்கப் போகிறது, பதினைந்து நிமிடத்தில் காப்பி வரும் என்று உடம்பு தானே அறிந்து நாற்காலியைத் திருப்பி வைத்துக்கொள்ளும். பூட்டை நான் வைதுகொண்டிருந்த அத்தனை நாளும் என் நாக்கு அதைக் கோயில் மணியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அன்றிரவே குறியைத் திரும்ப இட்டேன். தம்பி மகனிடம் சொல்லவில்லை.

ஆகவே, இதுகாறும் எடுத்துக்காட்டிய பிரமாணங்களால், திரைப்பூட்டு என்பது பயனரை அயலாரிடமிருந்து காக்க ஏற்பட்டதாயினும், அதன் உண்மையான பிரயோஜனம், நீண்ட வாக்கியங்களுக்கு அடிமையாகி எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே வழிதவறிப்போகும் ஓர் ஆசிரியனை, அவன் தேடும் சொல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்,

பூட்டிக்கொண்டது. மணி மூன்று முப்பத்தைந்து.